கண்ணாடிப் பேழைக்கு முன் நாற்பது நிமிடம்



இதைப் படிக்கும்போது சிலருக்குச் சினம் வரும். வரட்டும், குற்றமில்லை. படித்து முடித்த பிறகு வந்தால் போதும். முதலில் என்மீதே குற்றம் சுமத்திக்கொண்டு தொடங்குகிறேன்.

நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் ‘கல்விச் சுற்றுலா’ என்றொன்று நடக்கிறது. ‘கல்வி’ என்னும் சொல் அனுமதிக் கடிதத்தில் இருக்கும். ‘சுற்றுலா’ மட்டும் பேருந்தில் ஏறும். விடிவதற்கு முன்பே பேருந்து வந்து நிற்கும். பள்ளிப் பெயர் அச்சிட்ட புதுச் சட்டை, இரண்டு ஆசிரியர் பிடித்துக்கொள்ளும் பதாகை, பொட்டலம் பொட்டலமாக நாசி லெமாக். மலாக்காவுக்கு வெளியிலிருந்து வருபவர்களாவது போகட்டும். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளையும் நாம் இப்படித்தான் நம் ஊருக்கே சுற்றுலா அழைத்துச் செல்கிறோம்!

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர் நாற்பத்து நால்வரை நான் அப்படி அழைத்துச் சென்றேன். செயிண்ட் பால் குன்றின் அடிவாரத்தில் உள்ள சிவப்புக் கட்டடம், ஸ்தாட்ஹைஸ், அதைச் சுற்றியுள்ள அரும்பொருளகங்கள். அவற்றுள் ஒன்று மலாய் எழுத்தின் வரலாற்றைச் சொல்லும் இலக்கிய அரும்பொருளகம். அதற்கு நாங்கள் ஒதுக்கிய நேரம் நாற்பது நிமிடம். நானே தயாரித்த பயிற்சித்தாள் ஒன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருந்தது. பத்துக் கேள்விகள், பத்துக் கோடுகள். பிள்ளைகள் பேழைக்குள் இருந்த எதையும் பார்க்கவில்லை. பேழையின் பக்கத்திலிருந்த விளக்கப் பலகையிலிருந்து பத்து விடைகளையும் எழுத்தெண்ணிப் பெயர்த்தெழுதிக்கொண்டிருந்தார்கள். முதலில் முடித்தவன் மற்றவர்களுக்குக் காட்டினான். பிறகு எல்லாரும் முடித்துவிட்டார்கள். நான் மகிழ்ந்தேன்.

அப்போது ஒரு சிறுவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்திழுத்துக் கேட்டான்: “டீச்சர், இங்க எழுதுனவங்கள்ல நம்ம ஆளு யாராச்சும் இருக்காங்களா?”

நான் சொன்ன விடை: “பஸ்ஸுக்கு நேரமாச்சு. வரிசையில நில்லு.”

இருபதாண்டுகளுக்கு மேல் கற்பித்த ஓர் ஆசிரியையின் வாயிலிருந்து வந்த விடை இது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்குக் ‘கேள்வி கேட்கும் உத்திகள்’ என்று ஒரு பாடமே நடத்தினார்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு மறுமொழி சொல்லும் உத்தியையும் சேர்த்து நடத்தியிருக்கலாம்.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன். காலம் கடந்துதான் எழுதுகிறேன்.

மலாக்கா நகரின் நடுவே ஓடும் பெரிய சாலை ஜாலான் முன்ஷி அப்துல்லா. நம் பெற்றோர்கள் வங்கிக்கும் கடைக்கும் நாள்தோறும் அந்தச் சாலையில்தான் போகிறார்கள். யார் அந்த முன்ஷி? இந்தக் கேள்வியை ஒரு பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். “ஏதோ பழைய சுல்தான்” என்றார் ஒருவர். அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796-இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். 1843-இல் எழுதி முடித்து 1849-இல் அச்சேறிய தம் வரலாற்று நூலால் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம் புரிந்துகொண்டவர். அந்த வழியில் வந்த பாட்டனார் மலாக்காவில் குடியேறினார். அப்துல்லாவின் தந்தையைப் பெற்ற தாயாரின் பெயரை அவரே தம் நூலில் குறித்திருக்கிறார்: பெரி ஆச்சி. தமிழ் தெரிந்த எவருக்கும் இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை.

இன்னும் கேளுங்கள். இளமையில் தம் தந்தையார் தம்மை ஓர் ஆசிரியரிடம் தமிழ் கற்க அனுப்பினார் என்றும், இரண்டரை ஆண்டுகள் தாம் தமிழ் படித்ததாகவும் அப்துல்லா எழுதுகிறார். ஏன் அனுப்பினார்? அந்நாள் மலாக்காவில் நல்ல நிலையிலிருந்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம். கணக்கு எழுதவும், ஊர் நிறைந்திருந்த வணிகர்களோடு பேசவும் தமிழ் தேவைப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் ஒரு தந்தை, மகன் முன்னேற வேண்டுமென்று அவனைத் தமிழ் படிக்க அனுப்பினார்! இன்று அதே ஊரில், மகன் முன்னேற வேண்டுமென்றுதான் தமிழ்ப்பள்ளி வேண்டாம் என்கிறோம். பிள்ளைகளைப் பதியும் காலத்தில் நாம் வீடு வீடாகச் சென்று கெஞ்சும் போது, இந்தச் செய்தி நம்மில் எத்தனை பேர் கையில் இருந்தது?

‘முன்ஷி’ என்றால் மொழியாசிரியர். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்தபோது அவர்கள் அவருக்கு இட்ட பெயர் அது. ஆகவே அந்தச் சாலை ஒரு வாத்தியாரின் பெயரைத் தாங்கிய சாலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்தவுடன் “பார்த்தீர்களா, மலாய் இலக்கியத்தின் தந்தையே தமிழன்தான்” என்று மேடையேறப் போகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். அவர் எழுதியது மலாயில். அவர் பெருமை மலாய் மொழிக்கு உரியது. எதைக் கண்டாலும் ‘தமிழன்தான்’ என்று பட்டயம் எழுதும் நோய் நம்மிடம் முற்றிப்போயிருக்கிறது. அந்தச் சிறுவனுக்கு வேண்டியது வெற்றுப் பெருமிதமன்று. அந்த அறையில் இருக்கும் கதைக்கும் தனக்கும் ஓர் இழை இருக்கிறது என்பதை அறிந்தாலே அவனுக்குப் போதும். அந்த இழையை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டியவர் அரும்பொருளக அலுவலர் அல்லர். மலாய் இலக்கியத்துக்கு எழுப்பிய கூடம் மலாய் இலக்கியத்தைக் காட்டுகிறது. அது தன் வேலையைச் செய்கிறது. நம் வேலையை நாம் செய்தோமா என்பதே என் கேள்வி.

அடுத்து நம் ‘இலக்கிய நிகழ்ச்சிகள்’.

ஒரு நிகழ்ச்சிக்கு நான் துணைப் பொறுப்பாளராக இருந்தேன். எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எல்லாம் ஒன்றுதான். மாணவர்களுக்கான இலக்கிய நாள். காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை அமர வைத்தோம். சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வந்தார். மேளம், மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, திறப்புரை. நினைவுப் பரிசு வழங்கி, நின்று நின்று நிழற்படம் எடுத்து முடித்தபோது மணி பன்னிரண்டு. கவிதை ஒப்புவிக்க மனனம் செய்து வந்திருந்த பதினெட்டுப் பிள்ளைகளில் ஆறு பேருக்குத்தான் நேரம் கிடைத்தது. மீதிப் பன்னிருவருக்கும் ‘பங்கேற்றமைக்கு’ச் சான்றிதழ் கொடுத்தோம்! பாடாத பாட்டுக்குச் சான்றிதழ். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆன செலவைப் பிறகு கூட்டிப் பார்த்தேன். அந்தத் தொகைக்கு ஒரு வகுப்புக்கே கதைநூல் வாங்கியிருக்கலாம்.

நம் முன்னோடிகள் இப்படியா செய்தார்கள்? 1950-ஆம் ஆண்டுவாக்கில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று ஒரு நாளிதழின் வழியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டத்து இளைஞர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். மேடையில்லை, மாலையில்லை. இந்நாட்டில் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் அப்படித்தான் உருவானார்கள். அந்தத் ‘தமிழ் நேசன்’ 1924-இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. ஏறத்தாழ தொண்ணூற்றைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளின் இதழ்களில் எத்தனை நம் வீடுகளில் இருந்தன, அவை எங்கே போயின என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஒலிபெருக்கியில் ‘சுராட் காபார் லாமா’ என்று கூவிக்கொண்டு வரும் லாரிக்குத்தான் போயின. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தியபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதை எண்ணி இன்றும் குமுறுகிறோம். குமுற வேண்டியதுதான். ஆனால் நம் நூல்களை அழிக்க இங்கே எவரும் தீ வைக்க வேண்டியிருக்கவில்லை. கிலோவுக்குச் சில காசு போதுமானதாக இருந்தது.

நான் இப்படிப் பிறரைச் சாடும் தகுதி உடையவள்தானா? இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் பணியாற்றிய பள்ளிக்கு அருகில் ஒரு முதியவர் இருந்தார். இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழாவுக்குப் பெரட்டுக் களத்தில் மேடை கட்டி நாடகம் போட்டவர். நாடகங்களை அவரே எழுதினார். ஒரு தகரப் பெட்டி நிறையக் குறிப்பேடுகள் வைத்திருப்பதாகச் சொன்னார். “டீச்சரம்மா, ஒரு நாளைக்கு வந்து பாருங்கம்மா. யாருக்காச்சும் ஒதவும்னா எடுத்துக்கிட்டுப் போங்க” என்று மூன்று முறை சொன்னார். நான் மூன்று முறையும் “யு.பி.எஸ்.ஆர். முடியட்டும் ஐயா” என்றேன். அந்த ஆண்டு ஆறாம் ஆண்டு வகுப்பு என் பொறுப்பு. மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, முன்னோட்டத் தேர்வுத் தாள்கள். தேர்வு முடிந்தது, விடுமுறையும் வந்தது. நான் போகவில்லை. மறு ஆண்டு பள்ளி திறந்த பிறகு அவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். துக்கம் கேட்கப் போனபோது பெட்டியைப் பற்றி மெல்லக் கேட்டேன். பிள்ளைகள் நல்லவர்கள், ஆனால் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். “பூச்சி அரிச்சிருந்துச்சு டீச்சர், கொளுத்திட்டோம்” என்றார்கள்.

அவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? அவர்களுக்கு அது பூச்சி அரித்த தாள். அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான்தான் போகவில்லை.

அந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021-இல் அகற்றிவிட்டார்கள். அப்பெட்டிக்கு நான் சொன்ன சாக்கும் அதோடு போய்விட்டது. ஆகவே ‘தேர்வு இருக்கிறது, நேரமில்லை’ என்று இனி நாம் சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறோம். தேர்வு போன பிறகும் தேர்வுப் பயிற்சிநூல்கள் போகவில்லை என்பதை எந்தப் புத்தகக் கடையிலும் பார்க்கலாம்.

மலாக்காவுக்கு இதில் தனிக் கடமை உண்டு என்று நான் நினைக்கிறேன். தான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் கித்தா மரத்தை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அது. அதற்கடுத்துப் புக்கிட் அசகான். பின்னர்த் தீபகற்பம் முழுவதும் நம்மவர் வாழ்வைத் தீர்மானித்த மரம் வணிகப் பயிராக வேர் பிடித்தது நம் மாநிலத்தில்தான். ஆனால் நிரை, மங்கு, உளி, பெரட்டு, கங்காணி, கிராணி, ஆயாக் கொட்டகை ஆகிய சொற்கள் இன்று நம் பிள்ளைகளுக்கு அயல்மொழிச் சொற்களாகிவிட்டன. மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்களில் இருந்தவர்கள் நகரத்து மலிவு வீடுகளுக்குப் போனார்கள். பல பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் ‘தோட்டம்’ நிற்கிறது. சயாம் மரண ரயிலுக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னால் பிள்ளைகள், ஏதோ திரைப்படக் கதை என்று நினைக்கிறார்கள். ஆர். சண்முகம் அதை நாவலாக எழுதியிருக்கிறார் என்று சொன்னபோது என் சக ஆசிரியர் ஒருவர், “அப்படியா? பாடநூலில் இல்லையே” என்றார்.

இந்தத் தோட்டத்து வாழ்வின் எழுத்தையும் பாட்டையும் பேச்சையும் வைத்திருக்க மலாக்காவில் நமக்கு ஒரு கூடம் உண்டா? இருபத்தொரு தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோவில்கள் இருக்கின்றன. சங்கங்களுக்குக் குறைவில்லை. கூடம் இல்லை.

காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போய்ப் பாருங்கள். மலாக்காச் செட்டிகள் தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் பேச்சு அவர்களிடமிருந்து போய்விட்டது, வீட்டில் மலாய்தான். ‘தமிழ் தெரியாத தமிழர்’ என்று நம்மவர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அந்தச் சின்னஞ்சிறு சமூகம் தன் ஊருக்குள்ளேயே, தன் பாத்திரங்களையும் உடைகளையும் படங்களையும் சேர்த்து ஓர் அரும்பொருளகம் வைத்தது. 1781-இல் பொய்யாத விநாயகர் கோவிலை எழுப்பியதும் அவர்களின் முன்னோர்தாம். மொழியை இழந்தவர்கள் பொருளையாவது காத்தார்கள். மொழியைக் காப்பதாகச் சொல்லும் நாம் பெட்டியைக் கொளுத்தினோம். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

“அரசாங்கம் கட்டித் தரட்டும்” என்பார்கள். எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் 1947-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது அரசாங்கமன்று. கல்கி வேண்டுகோள் விடுக்க, வாசகர்கள் அனுப்பிய சிறு சிறு தொகைகள் கட்டின. அவ்வளவு தொலைவு போவானேன்? நூறாண்டு மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தேடித் திரட்டி 1997-இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்று வெளியிட்ட முரசு நெடுமாறன் ஐயா யார்? நம்மைப்போல் ஓர் ஆசிரியர். அவருக்கும் வகுப்பு இருந்தது, குறிப்பேடு திருத்தும் வேலை இருந்தது.

“எங்கள் பள்ளியில் மாணவரே குறைவு, ஆள் பலமில்லை” என்போருக்கு நான் சொல்வது: பிள்ளை குறைந்த பள்ளிதான் இதற்கு ஏற்றது. நாற்பத்து நால்வரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் மேலே படித்தீர்களே.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளையின் தமிழ் மதிப்பெண் குறைந்தால் துணைப்பாட வகுப்புக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறீர்கள். உங்கள் வீட்டிலேயே, கட்டணம் கேட்காத ஆசிரியை ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நடவுப் பாட்டிலிருந்து ஒப்பாரி வரை தெரியும். செய்யுளும் மொழியணியும் என்று நாங்கள் பாடத்திட்டத்தில் வைத்துக் கற்பிக்கும் பழமொழிகளை அவர் சண்டை போடும்போதே பொழிகிறார். அவரிடம் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேசுகிறதா? கையில் தொலைபேசி இருக்கிறது. அதில் ஒலிப்பதிவுப் பொத்தான் இருக்கிறது. அதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

என் பள்ளியில் இப்போது நாங்கள் செய்வது மிகச் சிறியது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நூல்நிலைய மூலையில் கண்ணாடிக் கதவு வைத்த பழைய அலமாரி ஒன்று. உள்ளே பதினேழு பொருள்கள். இரண்டு மங்கு, ஓர் உளி, ஒரு பால் வாளி, சம்பளச் சீட்டுகள், திருவிழா நாடக அழைப்பிதழ் ஒன்று, ஒரு பாட்டி தன் கையால் எழுதிய தாலாட்டு, கரையான் பாதி தின்ற ஒரு பள்ளிக் கையேடு. ஒவ்வொன்றுக்கும் விளக்க அட்டையைப் பிள்ளைகளே எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அந்தப் பொருளைப் பயன்படுத்திய ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒரு தாத்தாவோ பாட்டியோ வந்து அலமாரிக்கு முன் உட்கார்ந்து பேசுவார். வரவேற்புரை கிடையாது. பொன்னாடை கிடையாது. தேநீரும் வடையும் உண்டு. முதல் மாதம் ஏழு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் வடைக்காக வந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனாலென்ன?

உளிக்கு எழுதிய முதல் அட்டையில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: “இது என் பாட்டியின் உளி. பாட்டி இருட்டில் எழுந்து போவார். மரத்துக்கு வலிக்காமல் வெட்ட வேண்டுமாம்.” இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்தினேன். வேறொன்றையும் தொடவில்லை.

இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு ஒரே ஒரு தெருவைத்தான் திட்டத்தில் எழுதியிருக்கிறேன். ஜாலான் துக்காங் எமாஸ். விநாயகர் கோவில், சற்று நடந்தால் 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதற்கப்பால் சீனக் கோவில். அரை நாள். பயிற்சித்தாள் இல்லை, ஆளுக்கு ஒரு வெற்றுக் குறிப்பேடு. அப்துல்லாவின் கதையை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுவேன். அனுமதிக் கடிதம் போன மறுநாள் ஒரு தாயார் அழைத்து, “ஏன் டீச்சர், ஏ ஃபாமோசாவுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டீங்களா? போட்டோ எடுக்க வேணாமா?” என்று கேட்டார். “ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. பாட்டியையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க மாமியார்கிட்ட ஒரு பழைய பெட்டி இருக்கு டீச்சர்” என்றார்.

அன்று மாலையே போய்விட்டேன்.